ரயிலை விரட்டியவரின் பேரன்

தகாமுரோ நகரத்துக்காரர்கள் 'ஏழு மூச்சு ஏற்றம்' என்கிற மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் அழகைப் பார்க்க வேண்டும். நாக்கு வெளியே தொங்கும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வளைவில் மலைத்தண்ணீர் விழும் கல்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் முகத்தை அலம்பி, போன மூச்சு திரும்பி வந்ததும், முதல் காரியமாக ஹனியுதா கியூசாகுவைத் திட்டுவார்கள்.

"அந்தப் பாவி மட்டும் குறுக்க நிக்காம இருந்திருந்தா இந்நேரம் ரயில்ல கால் மேல கால் போட்டு உக்காந்து வந்திருப்போம்!"

மனுஷன் ஏறவே நுரை தள்ளுகிற ஏற்றத்தில் ரயில் எப்படி ஏறும் என்று எழுபது வருஷத்தில் அந்த ஊரில் ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் கியூசாகுவின் பேரன் ஹனியுதா இசாமு நாற்பத்தொரு தடவை தெருவில் மண்டி போட்டிருக்க வேண்டாம்.

ஊரின் லட்சணம் அப்படி. மலையின் இடுப்பில் யாரோ கிண்ணத்தை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருக்கும் தகாமுரோ. இலையுதிர் காலக் காலைகளில் மூடுபனி கிண்ணம் வழிய நிற்கும்; பத்து மணிக்குத்தான் எதிர்வீட்டுக்காரன் முகம் தெரியும், அதையும் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு இரண்டு நாள் நடை. மீன் என்றால் உப்பில் விறைத்துப்போய்த்தான் வந்து சேரும். தெற்கே மலை செங்குத்தாக அறுந்து விழுந்து, கீழே நிகோரி ஆறு. அதன் அக்கரையில் ஷிமோனே கிராமம். ரயில் நிலையம் ஷிமோனேயில்தான். தகாமுரோவிலிருந்து ஆறு கிலோமீட்டர், போகும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வரும்போது உயிரைப் பிடித்துக்கொண்டு.

சரித்திரமும் இருக்கிறது ஊருக்கு, இல்லாமல் இல்லை. ஒரு சின்ன மரக்கோட்டை இருந்தது. அதன் பிரபுக்கள் பரம்பரையாக, எங்காவது பெரிய சண்டை மூண்டால் யார் ஜெயிக்கிறார்கள் என்று ஆள்விட்டுக் கேட்டுவிட்டு மூன்றாம் நாள்தான் படையெடுத்துப் புறப்படுவார்கள். கோட்டையைப் பிரித்தபோது அந்த மரத்தைப் பொதுக் குளியல்கூடக்காரன் வாங்கி மூன்று குளிர்காலம் வெந்நீர் போட்டான். அந்த ஊர்ப் பிரபுக்களால் ஜனங்களுக்குக் கிடைத்த ஒரே கதகதப்பு அதுதான். அப்புறம் பட்டுப்புழு முட்டை வியாபாரம் செழித்தது, படுத்தது. போருக்குப் பிறகு சுற்றியிருந்த ஐந்து கிராமங்களையும் ஊரோடு சேர்த்துக் கட்டி 'நகரம்' என்று எல்லையில் பலகை நட்டார்கள். அந்த வருஷமே கரடி வந்து பலகையில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது.

இத்தனைக்கும் நடுவில் ஊர் மார்தட்டிச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கதை இருந்தது. ரயில் பாதைக்கு அளவெடுக்க வந்தவர்களை ஹனியுதா கியூசாகு விரட்டியடித்த கதை. கியூசாகு அந்தக் காலத்தில் பட்டுப்புழு முட்டை ஒட்டிய அட்டை வியாபாரத்தில் பெரிய கை. "ரயில் புகை பட்டா மல்பெரி இலை கருகிடும், புழு கூடு கட்டாது" என்று சொல்லி, மூங்கில் ஈட்டியோடு அளவுக்காரர்கள் எதிரில் நின்றாராம். ரயிலும் ரோஷக்காரன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷிமோனே பக்கம் போய்விட்டதாம். முதலில் ஆறடியாக இருந்த அந்த ஈட்டி பிற்பாடு பன்னிரண்டு அடியாக வளர்ந்தது. ஊரில் வேறெதுவும் வளராததால் ஈட்டியாவது வளரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கதையிலிருந்து ஒரு வழக்கமும் முளைத்தது. அக்டோபர் அறுவடைத் திருவிழாவில் கோவில் தேர் ஊரைச் சுற்றி வரும்போது ஹனியுதா வீட்டு வாசலில் நிற்கும். தேர்மேல் நிற்கும் தலைவர் விசிறியை நீட்டி, "ஹனியுதா வீட்டாரே, ரயில் எங்கே?" என்று கேட்பார். வடம் பிடிக்கிற அத்தனை பேரும் சேர்ந்து "எங்கே? எங்கே?" என்று கத்துவார்கள். வீட்டுத் தலைவன் குடும்ப முத்திரை போட்ட கறுப்பு அங்கியில் வெளியே வந்து, வைக்கோல் பாயில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் பட, "எங்க தாத்தா விரட்டிட்டார். மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் சிரிப்பு. பிறகு அந்த வீட்டுச் செலவில் சாக்கே என்கிற அரிசி மதுப் பீப்பாய் உடைபடும். சோயாவும் சர்க்கரையும் விட்டுச் சுண்டவைத்த பட்டுப்புழுவைத் தட்டுத் தட்டாக மொசுக்கிவிட்டுத் தேரை இழுத்துக்கொண்டு போவார்கள்.

"விளையாட்டுத்தானேப்பா" என்பார்கள். விளையாட்டு என்றால் ஒரு வருஷமாவது வேறொருத்தன் மண்டி போட்டிருக்க மாட்டானா?

இசாமு, கியூசாகுவின் மூத்த மகன் ரின்ஜிக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது, 'ரயில்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடிப்பிடித்து விளையாடினால் இவனைச் சேர்க்க மாட்டார்கள். "ரயில்தான் நம்ம ஊருக்கு வராதே!" ரின்ஜி செத்தபோது இசாமுவுக்கு இருபத்திரண்டு வயது. அந்த அக்டோபரில் முதல் தடவையாக மண்டி போட்டான். முட்டை வியாபாரம் அதற்குள் அழிந்துவிட்டிருந்ததால் சைக்கிள் கடை வைத்தான். அதற்கும் பேச்சு விழுந்தது. "பாத்தியா, பேரன் சைக்கிள் விக்கணும்னுதான் தாத்தா அப்பவே ரயிலை விரட்டியிருக்கார். என்ன மூளை!" சிரித்தவர்கள் அவன் கடையில்தான் பிரேக் கட்டை மாற்றினார்கள். அந்தச் சரிவில் மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி கட்டை தேயும்.

போர்க்காலத்தில் பட்டாளத்துக்குப் போன பையன்களை வழியனுப்ப தாய்மார்கள் ஷிமோனே வரைக்கும் நடந்தார்கள். போகிற போக்கில் ஹனியுதா வீட்டு வாசலில் நின்று காறித் துப்பிவிட்டுப் போனவர்களும் உண்டு. பையனைக் கூப்பிட்டது அரசாங்கம். எச்சில் விழுந்தது இசாமுவின் வாசலில். அவனும் போனான், திரும்பி வந்தான். தேர் ஓடாத அந்த வருஷங்களைக் கழித்துத்தான் நாற்பத்தொன்று.

இசாமுவை ரொம்பவும் பாவப்பட்டவனாக எண்ணிவிட வேண்டாம். வருஷங்கள் போகப் போக அவருக்கு அந்தச் சடங்கு பழகிவிட்டது. குரலைக் கொஞ்சம் நடுங்க விடுவார், நெற்றியைத் தரையில் வைத்து மூன்று எண்ணிவிட்டு எடுப்பார். எங்கிருந்தோ ஒரு பத்திரிகைக்காரன் வந்து ஈட்டி எட்டடிதானாமே என்று கேட்டதற்கு, "பன்னெண்டு அடி, குறைச்சுப் போடாதீங்க" என்று சண்டைக்குப் போனவர் அவர். ஊரே சேர்ந்து திட்டுகிற அளவுக்குத் தாத்தா பெரிய ஆள் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு மப்பு இருந்தது.

மனைவி மசானோவிடம் அந்த மப்பு செல்லாது. அவள் ஷிமோனேக்காரி. தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற கேங்மேனின் மகள். கல்யாணமான முதல் வாரமே அந்த ஏற்றத்தை ஒரு தடவை ஏறிவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இதுல ரயில் ஏறும்னு எந்த மடையன் சொன்னான்?"

"எங்க தாத்தா விரட்டலேன்னா ஏறியிருக்கும்."

"எங்கப்பா இருபது வருஷம் தண்டவாளத்துல நடந்தவர். ஆயிரம் அடி போனா இருபத்தஞ்சு அடிக்கு மேல ஏறக் கூடாதும்பார். இங்க பூனைகூட நின்னு நின்னுதான் ஏறுது."

"உனக்கு என்னடி தெரியும்!"

அவளுக்குத் தெரிந்தது ஊரில் யாருக்கும் தெரியாததால் அது செல்லாமல் போயிற்று.

ஒரே மகன் தெருஹிகோ. பதினெட்டு வயதில், தகப்பன் நெற்றியில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை ரயிலேறியவன். கடலோரத்து ஊர் ஒன்றில் சைக்கிள் பல்சக்கரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. இசாமுவுக்கு அறுபத்தெட்டு வயதானது. முழங்கால் இரண்டும் தகராறு செய்தன. பம்பு அடித்தால் மூச்சு வாங்கியது. மகனை வரச் சொல்லித் தொலைபேசியில் கெஞ்சினார்.

"வரேம்பா. எனக்கும் இங்க பிடிக்கல. கடையை நான் பாத்துக்குறேன். ஆனா நம்ம வாசல்ல அந்தப் பாய் விரியக் கூடாது. உங்களுக்கப்புறம் நான் மண்டி போடணும், எனக்கப்புறம் என் பொண்ணைக் கட்டிக்கிறவன் போடணும். அது நின்னாத்தான் வருவேன்."

பாய் விரிவது எப்படி நிற்கும்? இசாமு வாயைத் திறந்து யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த உடம்பில் இல்லை.

அந்த நேரத்தில்தான் நகராட்சிக்கு ஒரு ஆசை பிறந்தது. நகரமாகி முப்பது வருஷம் நிறைகிறதே, ஊரின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் தடியாக ஒரு புத்தகம் போடலாம் என்று. எழுத ஆள் தேடினார்கள். ஊரில் எழுதத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரவர் குடும்பத்தைப் பற்றி மட்டுமே எழுதத் தெரிந்திருந்ததால், வெளியூரிலிருந்து குசாகபே என்கிற பூகோள வாத்தியாரைக் கொண்டுவந்தார்கள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதம் கேட்பார். ஏப்ரலில் ஒருநாள் டியூப் பஞ்சராகி இசாமுவின் கடைக்கு வந்தவர், ஒட்டுப் போட்டு முடிவதற்குள் பின்கட்டுக் கிடங்கைப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டார்.

முட்டை அட்டை அடுக்குகிற பழைய பாலோனியா மரப்பெட்டிகள் அங்கே இருந்தன. நாலாவது பெட்டியின் அடியில் ஒரு மடிப்புக் காகிதம். வாத்தியார் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து படித்தார். மறுபடியும் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஹனியுதா ஐயா, உங்க தாத்தா ரயிலை விரட்டல."

"என்னது?"

"காலில விழுந்து கூப்பிட்டிருக்கார். இது ரயில் இலாகாவுக்கு எழுதின விண்ணப்பத்தோட நகல். நிலம் இனாமாத் தரோம், நிலையம் நாங்களே கட்டித் தரோம், தயவுபண்ணி வாங்கன்னு எழுதியிருக்கு. முப்பத்தேழு வீட்டுக்காரங்க முத்திரை குத்தியிருக்காங்க. முதல் முத்திரை உங்க தாத்தா. ரெண்டாவது உஷியாமா."

"அப்புறம் ஏன் வரல?"

வாத்தியார் இரண்டாவது காகிதத்தைக் காட்டினார். இலாகாவின் பதில். ஆறு வரி. ஆயிரம் அடிக்கு நாற்பத்தாறு அடி ஏற்றம், ரயில் ஏறாது, தங்கள் ஊரைப் பரிசீலிப்பதற்கில்லை.

மசானோ அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். "முப்பத்தாறு வருஷமாச் சொல்றேன்" என்றாள்.

நடந்தது புரிய வெகுநேரம் ஆகவில்லை. விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்குப் போனவர் கியூசாகு. போகும்போது முத்திரை குத்தியவர்கள் மாலை மரியாதையோடு அனுப்பினார்கள். அங்கே ஏதோ ஒரு சின்ன குமாஸ்தா நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டான். மூக்கறுபட்டு எப்படி ஊருக்குள் நுழைவது? ஏழு மூச்சு ஏற்றம் ஏறி முடிப்பதற்குள் மனுஷன் ஒரு கதையைத் தயார் செய்துவிட்டார். 'ரயில் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன், புகை பட்டா புழு சாகும்.' முத்திரை குத்திய மற்ற முப்பத்தாறு பேருக்கும் உண்மை தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கும் கௌரவம் வேண்டுமே. அவர்கள் செத்தார்கள். பேரன்மார்களுக்குக் கதை மட்டும் மிஞ்சியது. அவர்கள் அதை நம்பி, கியூசாகுவின் பேரனைத் தெருவில் மண்டி போடவைத்தார்கள்.

இசாமு அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார். மகனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

"புத்தகத்துல அச்சாகுமா?" என்றான் தெருஹிகோ.

"ஆகும். ஆனப்புறம் எவன்டா என்னை மண்டி போடச் சொல்வான்? நீ சாமான் கட்டு."

சாமான் கட்டச் சொன்னது கொஞ்சம் அவசரம். புத்தகத்துக்கு ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் உஷியாமா கென்னொசுகே. சாக்கே வடிப்பவர். திருவிழாவில் தேர்மேல் நின்று விசிறி நீட்டுகிறவரும் அவர்தான். இசாமுவின் வாசலில் வருஷா வருஷம் உடைபடும் பீப்பாயும் அவருடைய பட்டறையில் வாங்கியதுதான். உறவு முறையையும் சொல்லிவிட வேண்டும். கியூசாகுவின் சொந்தத் தங்கை இத்தோவைக் கட்டியவர்தான் அந்த இரண்டாவது முத்திரைக்காரர். அவர்கள் பேரன் இந்த கென்னொசுகே. ஒரே ரத்தம்தான். ஆனால் பெண்வழியாகப் போன ரத்தத்தோடு அவமானம் கூடவே போகாது என்று தகாமுரோவில் ஒரு கணக்கு.

நகராட்சி மாடியில் குழு கூடியது. தேநீர், அரிசி முறுக்கு, புகை. தலைவரைத் தவிரக் கோவில் குருக்களும் பல் டாக்டர் மாமியாவும் குழுவில் இருந்தார்கள். வாத்தியார் காகிதத்தைப் படித்தார். உஷியாமா முறுக்கைக் கடித்தபடி கேட்டார்.

"வாத்தியாரே, இதைப் போடவா போறீங்க?"

"உண்மையாச்சே."

"உண்மை ஆயிரம் இருக்கு. எனக்கு மூலம் இருக்கறதுகூட உண்மைதான். அதையும் நகர சரித்திரத்துல சேத்துருவீங்களா?"

பல் டாக்டர் சிரித்தார். "ரயிலை வேண்டாம்னு சொன்ன ஊர்னா ஒரு மிடுக்கு இருக்கு. ரயில் நம்மளை வேண்டாம்னு சொன்ன ஊர்னா? பொண்ணு பாக்க வந்தவன் வாசலோட திரும்பிப் போன மாதிரியில்ல இருக்கு!"

"ஷிமோனேக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்" என்றார் உஷியாமா.

"முன்னோர்கள் நிம்மதியாத் தூங்கட்டுமே" என்றார் குருக்கள். அவர் மடியில் முறுக்குத் தூள்.

மூலையில் உட்கார்ந்திருந்த இசாமு தொண்டையைச் செருமினார். "அப்போ நான் மண்டி போட்டதெல்லாம்?"

பல் டாக்டர் தேநீரை ஊதினார். குடித்து முடித்த கிண்ணத்தை எதற்கு ஊதினாரோ.

"அது விளையாட்டுப்பா" என்றார் உஷியாமா. பிறகு எழுந்து இசாமுவைத் தோளில் தட்டித் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இசாமு, நாம ஒரே ரத்தம்" என்றார். அறுபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. "என்ன வேணும் உனக்கு? மண்டி போட வேண்டாம், அவ்வளவுதானே? இந்த வருஷத்துலேருந்து தேர் உன் வாசல்ல நிக்காது. நான் பாத்துக்கறேன். நீ அந்தக் காகிதத்தை எடுத்த இடத்துலயே வெச்சுப் பூட்டு."

"புத்தகத்துல?"

"புத்தகத்துல பழைய கதையே இருக்கட்டும். உன் தாத்தா வீரன்னுதானே எழுதறோம்? யாருக்குக் கொடுத்துவெச்சிருக்கு!"

இசாமு யோசித்தது மாடிப்படி இறங்குகிற நேரம்தான். கேட்டது கிடைத்துவிட்டது, மகன் வருவான். தாத்தாவும் பன்னிரண்டு அடி ஈட்டியோடு அப்படியே நிற்பார். "சரிங்கண்ணே" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது மசானோ கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"உங்க தாத்தா போய்க் கெஞ்சினார், முடியாதுன்னாங்க. வந்து பொய் சொன்னார். நீங்க போய்க் கெஞ்சினீங்க, சரின்னாங்க. இப்ப நீங்களும் பொய் சொல்லப்போறீங்க. பரவால்ல, குடும்பத் தொழில் நல்லா நடக்குது."

"பையன் வரானா இல்லையா, அதைப் பாரு!"

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

செப்டம்பரில் புத்தகம் வந்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். ஊறுகாய் ஜாடிமேல் பாரமாக வைக்கத் தோதாக இருந்தது. குசாகபே வாத்தியாரும் சும்மா போகவில்லை. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், பூகோளப் பகுதியில், ஏழு மூச்சு ஏற்றத்தின் அளவையும் அந்தக் காலத்து ரயில் ஏறக்கூடிய அளவையும் அடுத்தடுத்துக் கட்டம் போட்டுப் போட்டிருந்தார். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தில், சரித்திரப் பகுதியில், கியூசாகு ஈட்டியோடு நின்றார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஆள் அந்த ஊரில் இல்லை என்பது வாத்தியாருக்கும் தெரியும். மனசாட்சிக்கு ஒரு கட்டம், கூலிக்கு ஒரு பக்கம் என்று எழுதிவிட்டுத் தன் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. தெருஹிகோ பெண்டாட்டியோடும் ஏழு வயசு மகளோடும் முதல் நாளே வந்து இறங்கியிருந்தான். சாமான் இன்னும் லாரியேறவில்லை. திருவிழாவைப் பார்த்துவிட்டுத்தான் தீர்மானிப்பேன் என்றான். இசாமு பாயைச் சுருட்டிக் கிடங்கில் போட்டிருந்தார். அங்கி மட்டும் போட்டுக்கொண்டார். பீப்பாயும் வாங்கி வாசலில் வைத்திருந்தார். "சந்தோஷத்துக்கு" என்றார். தேர் நிற்காமல் போகப்போகிற வீட்டுக்குப் பீப்பாய் எதற்கு என்று மசானோ கேட்கவில்லை. ஒரு பார்வை பார்த்தாள்.

உஷியாமா கொடுத்த வாக்கில் ஒரு ஓட்டை இருந்தது. தேர் ஏன் நிற்கக் கூடாது என்று வடம் பிடிக்கிறவர்களிடம் சொன்னால் காகிதக் கதை வெளியே வரும். அதனால் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்மேல் நின்று "போகட்டும், போகட்டும்" என்று விசிறியை மட்டும் ஆட்டினார். அறுபது பேர் குடிக்கக் காத்திருக்கிற பீப்பாய் கண்ணெதிரே இருக்கும்போது விசிறியை யார் பார்ப்பான்? தேர் கிறீச்சிட்டு நின்றது.

"ஹனியுதா வீட்டாரே, ரயில் எங்கே?" தலைவர் கேட்காததால் கீழே நின்ற முடிவெட்டுக்கார நெமோதோவே கேட்டுவிட்டான். "எங்கே? எங்கே?" என்று கூட்டம்.

இசாமு தலையைத் தூக்கி உஷியாமாவைப் பார்த்தார். உஷியாமா தேரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் புதிதாக வேய்ந்த மாதிரி.

"பாய் எங்கய்யா? கிழவருக்குப் பாய் போடுங்க!"

"பேரப்பொண்ணு வந்திருக்குப்பா, இன்னிக்கு நல்லாச் செய்வார் பாரு!"

இசாமுவின் முழங்கால் மடங்கத் தொடங்கியது. யாரும் தள்ளவில்லை. நாற்பத்தொரு தடவை மடங்கிய கால், கூச்சலைக் கேட்டதும் தானாக மடங்கியது. பாய் இல்லாத வெறும் கல்லில் ஒரு கை ஊன்றிவிட்டார். தெருஹிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் கையைப் பிடித்து உள்ளே நடந்தான். இசாமு அதைப் பார்த்தார். பார்த்தும் எழுந்திருக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் மசானோ வெளியே வந்தாள். ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. கையில் அந்த மடிப்புக் காகிதம்.

"ரயில் எங்கேன்னுதானே கேக்கறீங்க? ஷிமோனேல இருக்கு. எங்கப்பா தினம் தட்டிப் பாத்துட்டு வருவார். உங்க தாத்தாமாரெல்லாம் அதைக் கூப்பிட்டுக் கெஞ்சின கடுதாசி இது. நெமோதோ, உன் தாத்தா பேர் ஒன்பதாவது. 'பணிந்து வேண்டுகிறோம்'னு முத்திரை குத்தியிருக்கார். பல் டாக்டர் மாமியா, உங்க தாத்தா இருபத்தி ரெண்டாவது. ரெண்டாவது யார் தெரியுமா? மேல நின்னு கூரையைப் பாக்கறாரே, அவரோட தாத்தா. நிலையம் கட்ட மரமும் தரேன்னு தனியா எழுதியிருக்கார், பாவம்."

முதலில் சிரித்தார்கள், புது விளையாட்டு என்று. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது பெயரிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு தலை குனிந்தது. பதினைந்தாவது பெயருக்கு வந்தபோது வடத்தில் ஆள் குறைந்திருந்தது.

"பொய்!" என்று ஒருத்தன் கத்தினான்.

"பொய்னா ஏறிக் காட்டுங்க. ஏழு மூச்சு ஏத்தத்துல இந்தத் தேரை ஏத்திக் காட்டுங்க, அப்புறம் ரயிலைப் பத்திப் பேசலாம்."

நெமோதோ கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு அந்த ஊரின் மொத்த சரித்திரத்துக்கும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டான். "சரி, அதெல்லாம் இருக்கட்டும். சாக்கே உண்டா, கிடையாதா?"

தெருஹிகோ உள்ளிருந்து திரும்பி வந்தான். பீப்பாயைக் கட்டிப் பிடித்துத் தூக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஒற்றைக் கை தரையில் ஊன்றியபடி இருந்த தகப்பனை அக்குளில் கைகொடுத்து எழுப்பினான். தேர் போயிற்று. தாகத்தோடு போனதால் வேகமாகவே போயிற்று.

நவம்பரில் அவன் சாமான்கள் லாரியில் வந்தன.

தகாமுரோக்காரர்கள் வெட்கப்பட்டார்கள் என்று நினைத்தால் அவர்களை உங்களுக்குத் தெரியாது. ஒரு குளிர்காலம் முழுக்க அதை வாயில் போட்டு மென்றார்கள். வசந்தத்துக்குள் கதை சரியாகிவிட்டது. ஊரே ஒன்றுகூடி அருமையான விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததாம். கொண்டுபோன கியூசாகு அங்கே திமிராகப் பேசி இலாகாக்காரர்களுக்குக் கோபம் வரவழைத்துவிட்டாராம். இல்லாவிட்டால் ரயில் வந்திருக்குமாம். கல்தொட்டியில் முகம் அலம்பியவர்கள் இப்போது அதைச் சொல்லித் திட்டினார்கள். மூச்சு மட்டும் அதே மாதிரிதான் வாங்கியது.

அடுத்த அக்டோபரில் தேர் அந்த வாசலில் மறுபடியும் நின்றது. வேறு எங்கே நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உஷியாமா விசிறியை நீட்டி, "ஹனியுதா வீட்டாரே, ஏன் சரியாக் கேக்கல?" என்றார். "ஏன்? ஏன்?" என்று கூட்டம்.

தெருஹிகோ கடைக்குள் ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. வாசல் நாற்காலியில் இசாமு உட்கார்ந்திருந்தார். அங்கி போடவில்லை. கூச்சல் எழுந்ததும் அவருடைய முழங்கால்கள் துடித்தன. பேத்தி பக்கத்தில் வந்து அவற்றின்மேல் தன் புத்தகப் பையை வைத்துவிட்டுத் தேரை வேடிக்கை பார்க்க ஓடினாள். பை கனமாக இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

கத்தியவர்கள் சற்று நேரம் நின்றார்கள். வாய் வறண்டது. போனார்கள்.